கோப்புகளைப் பூட்டும் ரான்சம்வேர்: மும்பைச் சிறு அலுவலகங்களுக்கான கேள்வி பதில்கள்

ரான்சம்வேர் என்பது கணினியில் உள்ள கோப்புகளைத் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, திறந்து தரப் பணம் கேட்டு மிரட்டும் தீய நிரல். மாதுங்காவிலும் செம்பூரிலும் கணக்கு எழுதித் தரும் அலுவலகங்கள், தாராவியின் தையல் கூடங்கள், தோல் பொருள் பட்டறைகள், திருமண ஆல்பம் தயாரிக்கும் ஸ்டூடியோக்கள், தமிழில் அழைப்பிதழ் அடித்துத் தரும் டிடிபி நிலையங்கள் ஆகியவற்றை நடத்தும் நம்மவர்களை மனத்தில் வைத்து இந்தக் கேள்விகள் தொகுக்கப்பட்டுள்ளன. இவர்களில் பெரும்பாலோருக்குத் தனியாகக் கணினிப் பிரிவு கிடையாது. எப்போதாவது வந்து போகும் ஒரு தொழில்நுட்பப் பணியாளர் மட்டுமே இருப்பார். அவர் வந்து சேரும்வரை செய்ய வேண்டியவற்றுக்கும் செய்யக்கூடாதவற்றுக்கும் இங்கே கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

கோப்புகளின் பெயர்கள் கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கின்றன. இந்த நிமிடம் என்ன செய்வது?

நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள், செருகியிருக்கும் வெளி ஹார்டு டிஸ்க்கையும் பென் டிரைவையும் உருவிவிடுங்கள். கணினியைச் சரிசெய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்னும் பூட்டப்படாத கோப்புகளை அந்த நிரலுக்கு எட்டாமல் செய்வதே முதல் வேலை. டேலி என்ற கணக்கு மென்பொருளின் தரவு ஒரு கணினியிலும் அதைத் திறந்து வேலை செய்பவர்கள் மற்ற கணினிகளிலும் இருப்பது நம் அலுவலகங்களின் வழக்கம். அப்படிப் பகிரப்பட்ட ஃபோல்டர்களையும் ரான்சம்வேர் தேடிச் சென்று பூட்டும் என்பதால், ஒவ்வொரு கணினியாக ஓடுவதைவிட ரௌட்டரையும் நெட்வொர்க் சுவிட்சையும் அணைத்துவிடுவது விரைவான வழி. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றுக்குப் பூட்டப்பட்ட பிரதிகள் ஏறிக்கொண்டிருந்தால் அதுவும் அத்துடன் நின்றுவிடும்.

பூட்டும் வேலை இன்னும் நடக்கிறது என்று தெரிந்தால் கணினியை ஹைபர்நேட் நிலைக்கு அனுப்புங்கள். அப்போது நினைவகத்தில் உள்ளவை டிஸ்க்கில் எழுதப்பட்டு, பின்னர் ஆராய்வதற்குக் கிடைக்கும். 2017-இல் வான்னாகிரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 கணினிகளை மறுபடி தொடங்காமல் வைத்திருந்தவர்களில் சிலருக்கு, திறவுகோலை உருவாக்கப் பயன்பட்டு நினைவகத்தில் அழியாமல் எஞ்சியிருந்த பகா எண்களைக் கொண்டே, பூட்டைத் திறக்கும் அந்தத் திறவுகோலை மீட்க முடிந்தது. ஹைபர்நேட் வசதி இல்லாவிட்டால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். அணைப்பதற்கு முன் திரையில் உள்ள மிரட்டல் குறிப்பைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் ஃபார்மட் செய்யாதீர்கள். பூட்டப்பட்ட கோப்புகளின் பெயரையும், அதன் இறுதியில் புள்ளிக்குப் பின் வரும் எக்ஸ்டென்ஷனையும் பழையபடி மாற்றிப் பார்க்காதீர்கள். பெயரை மாற்றினால் கோப்பு திறக்காது. எந்த வகை ரான்சம்வேர் என்று கண்டறியும் தடயந்தான் குறையும்.

இந்த நிரல் கோப்புக்கு உண்மையில் என்ன செய்கிறது?

கோப்பின் உள்ளடக்கத்தை ஏஇஎஸ், சல்சா20 போன்ற வேகமான குறியாக்க முறை ஒன்றால் மாற்றி எழுதுகிறது. அதற்குப் பயன்படுத்திய திறவுகோலை ஆர்எஸ்ஏ போன்ற இருசாவி முறையின் பொதுச் சாவியால் மறுபடி பூட்டிவிடுகிறது. இந்தப் பொதுச் சாவி கோயில் உண்டியலைப் போன்றது: உள்ளே போடுவதற்கு யாராலும் முடியும், வெளியே எடுக்கும் சாவியோ நிர்வாகத்திடம் மட்டுமே இருக்கும். நிரலைப் பிடித்து எவ்வளவு அலசினாலும் அதற்குள் பொதுச் சாவி மட்டுமே அகப்படும். திறக்கும் சாவி தாக்கியவரிடம் இருக்கிறது. நிரலை எழுதியவர் தவறு செய்திருந்தாலொழிய, கணக்கிட்டுக் கண்டுபிடிக்கும் வழி இல்லை.

வேகத்துக்காகப் பல வகைகள் கோப்பு முழுவதையும் பூட்டுவதில்லை. வீட்டுக் கணினிகளையும் சிறு அலுவலகங்களையும் மிகுதியாகத் தாக்கிய ஸ்டாப் டிஜேவியூ என்ற குடும்பம், ஒவ்வொரு கோப்பிலும் ஏறக்குறைய முதல் 150 கிலோபைட்டை மட்டுமே மாற்றுகிறது. எக்செல் தாளைப் பாழாக்க இதுவே போதும். பெரிய வீடியோவுக்கு இது ஒரு சிறு பகுதிதான். இந்த வேறுபாடு மீட்பு வேலையில் உதவும்.

பூட்டுவதோடு நில்லாமல், விண்டோஸ் தானாகச் சேமித்து வைத்திருக்கும் ஷேடோ காப்பி எனப்படும் பழைய பிரதிகளையும் பெரும்பாலான ரான்சம்வேர்கள் முதலிலேயே அழித்துவிடுகின்றன.

எங்கள் கணினிக்குள் இது எப்படி வந்திருக்கும்?

நம் அலுவலகங்களைப் பொறுத்தவரை முதலில் ஐயப்பட வேண்டியது, பணம் கொடுக்காமல் இறக்கிய மென்பொருளை. ஃபோட்டோஷாப், கோரல்டிரா ஆகியவற்றின் உரிமப் பூட்டை உடைக்கும் கிராக், விண்டோஸையும் ஆபீஸையும் செயல்படுத்தித் தரும் ஆக்டிவேட்டர், ஏதோ ஒரு தளத்தில் கிடைத்த, போலி உரிம எண் தரும் கீஜென் ஆகியவற்றின் வழியாகவே ஸ்டாப் டிஜேவியூ பரவியது. இந்தக் கோப்புகளை இயக்குவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்தி வைக்கச் சொல்லும் குறிப்பு கூடவே இருக்கும். நாமும் கைப்பட நிறுத்திவிட்டே இயக்குகிறோம். பழைய தமிழ் எழுத்துருக்களில் செய்து வைத்த வேலைகள் வீணாகிவிடக் கூடாதே என்று பேஜ்மேக்கரின் பழைய பதிப்பை விடாமல் வைத்திருக்கும் டிடிபி நிலையங்களுக்கு இது கூடுதல் ஆபத்து. அந்தப் பதிப்பு எந்தத் தளத்தில் கிடைத்தாலும் இறக்கிவிடும் நிலையில் அவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது வழி, ஒரு கணினியை வேறிடத்திலிருந்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப். கணக்கர் முலுண்டிலோ டோம்பிவலியிலோ வீட்டிலிருந்தபடி அலுவலக டேலியில் பதிவு செய்வதற்காக, ரௌட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது இணையத் தொடர்புக்கான வாசலை, திறந்து வைத்திருப்பார்கள். இணையத்தில் திறந்திருக்கும் இத்தகைய போர்ட்டுகளைத் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகத் தேடி, கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்க்கின்றன. பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல் கடையின் பெயரோடு 123 என்றிருந்தால் அதற்கு நெடுநேரம் ஆகாது. இவ்வழியில் நுழைபவர் பெரும்பாலும் ஒரு மனிதரே. ஆன்டிவைரஸை அணைத்து, பேக்கப் எங்கே இருக்கிறது என்று பார்த்து அதையும் அழித்துவிட்டு, அலுவலகத்தில் ஆள் இல்லாத சனிக்கிழமை இரவில் பூட்டுவார். நீங்கள் திங்கட்கிழமை காலையில் பார்ப்பீர்கள்.

மூன்றாவது வழி மின்னஞ்சல். ஜிஎஸ்டி நோட்டீஸ், வருமான வரி நிலுவை, கூரியர் ரசீது, கொள்முதல் ஆணை என்ற பெயரில் வரும் ஜிப் கோப்புக்குள் இயக்கக்கூடிய நிரல் இருக்கும். விண்டோஸ் இயல்பாகவே எக்ஸ்டென்ஷனை மறைத்துக் காட்டுவதால், பிடிஎஃப் என்று பெயரில் எழுதியிருக்கும் எக்ஸி கோப்பு பிடிஎஃப் போலவே தோன்றும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் எக்ஸ்டென்ஷனைக் காட்டும்படி மாற்ற ஒரு நிமிடம் போதும். செலவில்லாத பாதுகாப்புகளில் இதுவே சிறந்தது என்பது எங்கள் கருத்து.

நான்காவது, புதுப்பிக்கப்படாத விண்டோஸ். வான்னாகிரை 2017 மே 12 அன்று பரவத் தொடங்கியது; அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. யாரும் எதையும் கிளிக் செய்யாமலே ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்கு அது தாவியது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நம்மைப் போன்ற சிறு கடையை யார் குறிவைக்கப் போகிறார்கள்?

பெரும்பாலும் யாரும் குறிவைப்பதில்லை; வீசிய வலையில் சிக்குகிறோம். 2017 ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா என்ற தீய நிரல், உக்ரைனில் கணக்கெழுதப் பயன்படும் மென்பொருள் ஒன்றின் அப்டேட் வழியாகக் கிளம்பியது. அதில் மெர்ஸ்க் என்ற கப்பல் நிறுவனம் சிக்கியதால், நவி மும்பையின் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையத்திலும் வேலை தடைப்பட்டது. பாதிக்கப்பட்ட கணினிக்கானது என்று நாட்பெட்யா திரையில் காட்டிய அடையாள எண் வெறும் தற்செயல் எழுத்துகளே என்பதும், பணம் கட்டியிருந்தாலும் எவராலும் கோப்புகளைத் திறந்து தந்திருக்க முடியாது என்பதும் பின்னர் தெரிய வந்தன.

வைரஸை நீக்கிவிட்டால் கோப்புகள் திறந்துகொள்ளுமா?

திறக்காது. நிரலை நீக்குவது வேறு, கோப்புகளை மீட்பது வேறு. நிரல் முழுவதுமாக நீங்கிய பின்னும் பூட்டப்பட்ட கோப்பு பூட்டப்பட்டபடியே இருக்கும், ஏனெனில் கோப்பின் உள்ளடக்கமே மாறிவிட்டது. பல ரான்சம்வேர்கள் வேலை முடிந்ததும் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள். இதை அறியாமல், வைரஸை எடுத்துவிட்டேன் என்று சொல்லி விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுக்கும் பழுதுபார்ப்பவரிடம், மீட்கும் வாய்ப்பிருந்த கோப்புகளையும் சேர்த்து இழந்துவிடக்கூடும். கணினியைக் கடைக்குக் கொடுக்கும்போது, என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக்கூடாது என்று எழுத்தில் கொடுங்கள்.

அப்படியானால் எந்த வரிசையில் நீக்குவது?

பூட்டப்பட்ட கோப்புகளில் முக்கியமானவற்றையும், மிரட்டல் குறிப்புக் கோப்பையும் ஒரு வெளி டிஸ்க்கில் முதலில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். ஆன்டிவைரஸ் சில சமயம் மிரட்டல் குறிப்பையும் சேர்த்து அழித்துவிடும் என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஸ்டாப் டிஜேவியூ என்றால், சி டிரைவில் சிஸ்டம்ஐடி என்ற ஃபோல்டருக்குள் இருக்கும், உங்கள் கணினிக்கு அது தந்த அடையாள எண் கொண்ட பெர்சனல்ஐடி கோப்பையும் எடுத்து வையுங்கள். இயன்றால் ஹார்டு டிஸ்க்கையே கழற்றி, பாதிக்கப்படாத வேறொரு கணினியில் இணைத்து நகலெடுப்பது மேல். அந்தப் பழைய டிஸ்க்கில் உள்ள எந்த நிரலையும் அங்கே திறக்கக்கூடாது.

பிறகு துப்புரவு. விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போது செய்யும் ஸ்கேனைவிட, கணினி மறுபடி தொடங்கும்போது விண்டோஸுக்கு வெளியே இயங்கும், விண்டோஸுடனேயே வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸின் ஆஃப்லைன் ஸ்கேன் நம்பகமானது. மறைந்துகொள்ளும் நிரலுக்கு அங்கே மறைவிடம் குறைவு. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் பகுதியில் அது கிடைக்கும். முடிந்ததும், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து பாருங்கள். ஸ்டாப் டிஜேவியூ அங்கே டைம் ட்ரிகர் டாஸ்க் என்ற பெயரில் ஒரு பணியைப் பதிந்து வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை தன்னையே மீண்டும் இயக்கிக்கொள்ளும். சுத்தம் செய்ததாக நினைத்து நீங்கள் திரும்பக் கொண்டுவந்து வைத்த நல்ல கோப்புகளும் அதனால் மறுநாள் பூட்டப்பட்டுவிடும். பாதுகாப்பு நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், தளப் பெயர்களுக்கான முகவரிகளை விண்டோஸ் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அவற்றைத் தடுத்து எழுதியிருக்கும் வரிகளை நீக்க வேண்டும்.

இவ்வளவு செய்த பின்னும், நகல்கள் பத்திரமாக இருக்கின்றன என்றால், டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஒரு மனிதர் உள்ளே வந்து போயிருந்தால் அவர் விட்டுச்சென்ற எல்லா வாசல்களையும் ஒரு ஸ்கேன் கண்டுபிடிக்கும் என்று நம்ப இயலாது. கடவுச்சொற்கள் அனைத்தையும், முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, பிறகு ஜிஎஸ்டி என்ற வரிசையில், வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். ஸ்டாப் டிஜேவியூவுடன் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் நிரலும் சேர்ந்தே வருவதுண்டு. கோப்புகள் போன கவலையில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பூட்டைத் திறக்க இலவசக் கருவி உண்டா?

சில வகைகளுக்கு உண்டு. நெதர்லாந்து காவல்துறை, ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், பாதுகாப்பு நிறுவனங்களான காஸ்பர்ஸ்கி, இன்டெல் செக்யூரிட்டி ஆகியவை சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கிய நோ மோர் ரான்சம் என்ற தளத்தில், பூட்டப்பட்ட கோப்பையும் மிரட்டல் குறிப்பையும் பதிவேற்றினால் எந்த வகை என்று சொல்லி, திறக்கும் கருவி இருந்தால் அதையும் இலவசமாகத் தரும். ஐடி ரான்சம்வேர் என்ற தளமும் வகையைக் கண்டறிய உதவும். தேடுபொறியில் ரான்சம்வேரின் பெயரையும், திறக்கும் கருவியைக் குறிக்கும் டிக்ரிப்டர் என்ற சொல்லையும் போட்டுத் தேடி, முதலில் வரும் தளத்தில் எதையாவது இறக்கிவிட வேண்டாம். டிக்ரிப்டர் என்ற பெயரிலேயே இன்னொரு ரான்சம்வேர் வந்த நிகழ்வுகள் உண்டு.

ஸ்டாப் டிஜேவியூவைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே நம்பிக்கையும் ஏமாற்றமும் கலந்தே இருக்கின்றன. பூட்டும் நேரத்தில் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடிந்தால் அது ஒவ்வொரு கணினிக்கும் தனித் திறவுகோலைப் பெறும். முடியாவிட்டால் தனக்குள்ளேயே இருக்கும், எல்லாக் கணினிகளுக்கும் ஒன்றேயான ஆஃப்லைன் சாவியைப் பயன்படுத்தும். பெர்சனல் ஐடி டி1 என்ற எழுத்துகளில் முடிந்தால் ஆஃப்லைன் சாவி என்று பொருள். அதே வகையில் சிக்கிய யாரேனும் ஒருவர் பணம் கட்டிச் சாவியைப் பெற்று எம்சிசாஃப்ட் நிறுவனத்திடம் பகிர்ந்துகொண்டால், அந்நிறுவனத்தின் இலவசக் கருவி உங்கள் கோப்புகளையும் திறக்கும். தனிச் சாவியால் பூட்டப்பட்டிருந்தால், 2019 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த வகைகளில் அந்தக் கருவியால் பயனில்லை.

கருவி எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டது. வேறு என்ன முயலலாம்?

பூட்டைத் திறப்பதை விட்டுவிட்டு, அதே தகவல் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடத் தொடங்குங்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைக்கும். தாக்கல் செய்த ரிட்டர்ன்கள் ஜிஎஸ்டி தளத்திலேயே இருக்கின்றன. ஆண்டுக் கணக்கை ஆடிட்டருக்கு அனுப்பியபோது கொடுத்த டேலி பேக்கப் அவருடைய கணினியில் இருக்கக்கூடும். வாடிக்கையாளருக்குச் சரிபார்க்க அனுப்பிய அழைப்பிதழ், ஆல்பப் பக்கங்கள், விலைப்பட்டியல்கள் ஆகியவை மின்னஞ்சலின் அனுப்பியவை பகுதியிலும் வாட்ஸ்அப்பிலும் கிடக்கும். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால் ஒன்டிரைவ் முழுவதையும் கடந்த 30 நாள்களுக்குள் ஒரு நேரத்துக்குத் திருப்பிவிடலாம். கூகுள் டிரைவிலும் கோப்பின் பழைய பதிப்புகள் 30 நாள்வரை இருக்கும், ஆனால் நாள் கடந்தால் போய்விடும் என்பதால் தாமதிக்கக்கூடாது.

ஷேடோ காப்பி அழியாமல் தப்பியிருக்கிறதா என்று ஷேடோ எக்ஸ்ப்ளோரர் என்ற கருவியால் பார்க்கலாம். பூட்டிய பிரதியைப் புதிதாக எழுதிவிட்டு மூலக் கோப்பை அழிக்கும் வகையாக இருந்தால், ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள் பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து சிலவற்றை எடுத்துத் தரும். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க் என்றால் அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடுவதால் பெரும்பாலும் கிடைக்காது. ஸ்டூடியோக்காரர்கள் கேமராவின் மெமரி கார்டை மறக்கக்கூடாது. அதில் ஃபார்மட் செய்த பிறகு வேறு படம் எடுக்கவில்லை என்றால் முழு நிகழ்ச்சியையும் மீட்டுவிடும் வாய்ப்பு உண்டு. ஸ்டாப் டிஜேவியூ பூட்டிய பெரிய வீடியோக்களை, அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்துச் சீரமைக்கும் கருவிகளும் உள்ளன.

ஒருவர் தொகை சொல்லி, எல்லாவற்றையும் திறந்து தருவதாகக் கூறுகிறார். நம்பலாமா?

உலகில் எவரிடமும் இல்லாத சாவி அவரிடம் மட்டும் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். இலவசக் கருவியை இயக்கித் தந்து பணம் வாங்குவோர் இருக்கிறார்கள். தாக்கியவரிடமே பேரம் பேசிச் சாவியை வாங்கி, அதன்மேல் தம் பங்கையும் வைத்துத் தொழில்நுட்பம் என்று விற்போரும் இருக்கிறார்கள். முழுத் தொகையை முன்பணமாகக் கேட்பவரை அணுக வேண்டாம்.

பணத்தைக் கட்டித் தொலைத்துவிடலாமா?

கட்டக்கூடாது என்பதே அரசு அமைப்புகளின் அறிவுரை, எங்களுடைய கருத்தும் அதுதான். ஸ்டாப் டிஜேவியூவின் குறிப்பு 980 டாலர் கேட்கும், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490 டாலர் என்று தள்ளுபடியும் தரும். இந்த அவசரம் உங்களை யோசிக்க விடாமல் செய்யும் உத்தி. 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் ஏறக்குறைய 44 லட்சம் டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கட்டிப் பெற்ற திறப்புக் கருவி மிகவும் மெதுவாக இயங்கியதால், அவர்கள் தம் சொந்த பேக்கப்பையே நாட வேண்டியிருந்தது. கோப்புகளைத் திருடி வைத்துக்கொண்டு வெளியிடுவதாக மிரட்டும் கும்பல்களும் உள்ளன. 2024 பிப்ரவரியில் லாக்பிட் கும்பலின் சர்வர்களைப் பன்னாட்டுக் காவல் அமைப்புகள் கைப்பற்றியபோது, பணம் கட்டியவர்களின் தரவும் அழிக்கப்படாமல் அங்கேயே இருந்தது.

எங்கே புகார் செய்வது? செய்வதால் பயன் உண்டா?

தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியலாம். வங்கிப் பணமும் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். மும்பையில் சைபர் காவல் நிலையங்கள் உண்டு, அருகிலுள்ள காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுக்கலாம். நிறுவனங்கள் இத்தகைய தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று வெளியான ஆணை கூறுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆம் பிரிவின்படி இதற்கு 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. தாக்கியவர் பிடிபடுவார் என்று எதிர்பார்ப்பது கடினம். ஆனால் கணக்குகள் போய்விட்டன என்று வரித்துறையிடமோ வாடிக்கையாளரிடமோ சொல்ல நேரும்போது புகாரின் நகல் கையில் இருக்க வேண்டும்.

மீண்டும் வராமல் இருக்க எதைக் கட்டாயம் செய்ய வேண்டும்?

இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்குகளை வாங்கி, ஒன்றில் இந்த வாரமும் மற்றதில் அடுத்த வாரமும் பேக்கப் எடுத்து, எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். ஒன்று எப்போதும் அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க் ரான்சம்வேரைப் பொறுத்தவரை பேக்கப் ஆகாது, அதுவும் சேர்ந்தே பூட்டப்படும். ஜூலை மழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இரண்டாவது டிஸ்க்கை ஏன் வீட்டில் வைக்க வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு நிறுவனத்தின் டேலி கணக்கைத் திறந்து பாருங்கள்.

அடுத்து, 3389 போர்ட்டை மூடி, வெளியிலிருந்து வேலை செய்பவர்களுக்கு விபிஎன் என்ற பாதுகாக்கப்பட்ட இணைப்பின் வழியாக மட்டும் அனுமதி கொடுங்கள். அன்றாட வேலைக்கு அட்மின் அல்லாத பயனர் கணக்கைப் பயன்படுத்துங்கள். டிஃபெண்டரில் இயல்பாக அணைந்திருக்கும் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்ற வசதியை இயக்கினால், அறிமுகமில்லாத நிரல்கள் உங்கள் ஆவண ஃபோல்டர்களில் எழுதுவது தடுக்கப்படும்; டேலி போன்றவற்றை அனுமதிப் பட்டியலில் நீங்களே சேர்க்க வேண்டியிருக்கும்.

திறக்க முடியாத கோப்புகளை அழித்துவிடலாமா?

இடம் இருந்தால் வைத்திருங்கள். 2013-இல் பரவிய கிரிப்டோலாக்கர் என்ற ரான்சம்வேரின் கட்டமைப்பை 2014-இல் காவல் அமைப்புகள் முடக்கியபோது சாவிகள் அகப்பட்டன. அந்த ஆண்டு ஆகஸ்டில், அதுவரை கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்தவர்களுக்கு அவை இலவசமாகக் கிடைத்தன. பூட்டப்பட்ட கோப்புகள், மிரட்டல் குறிப்பு, பெர்சனல் ஐடி, தாக்கப்பட்ட தேதி ஆகியவற்றை ஒரே டிஸ்க்கில் சேர்த்து, மேலே பெயர் எழுதி ஒட்டி வைத்துவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோ மோர் ரான்சம் தளத்தில் உங்கள் வகைக்குக் கருவி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.